குதிரைமலையை வெட்டியவன்

ஒரு பறவையின் பெயரில் பாதியை நான் வெட்டினேன். அந்த வெட்டால் கடல்நீர் தேங்கும் களப்புக் கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணின் விடியற்கால வியாபாரம் படுத்துப்போனது. அவர் என் வீடு தேடி வந்து கேட்டபோது, அது அச்சகத்தின் பிழை என்று பொய் சொன்னேன். வெட்டியதை மறதி என்று யாராவது மன்னிக்கலாம். பொய்க்கு அந்த வசதி இல்லை. அது நன்றாக யோசித்து, கதிரையில் சாய்ந்திருந்து சொன்ன பொய்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு இரண்டு வேலைதான் கிடைக்கும். ஒன்று, கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பது. மற்றது, அடுத்தவருடைய தமிழைத் திருத்துவது. கோயிலில் இடம் காலியாக இருக்கவில்லை. ஆகவே முள்ளியவளையில் கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், விளையாட்டுக் கழகத்துப் பதாகை என்று எதை எழுதினாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பார்கள். ஒருமுறை ஒரு மரண அறிவித்தலில் ஒற்றுப் பிழைகளைத் திருத்தி முடிப்பதற்குள் பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். அறிவித்தல் மறுநாள் வந்தது, ஒரு பிழையும் இல்லாமல். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

அந்தப் பெருமை கொழும்புவரை எட்டியிருக்க வேண்டும். பறவைகளைப் பார்த்துப் பாதுகாக்கிற சிலர் ஒருநாள் வாகனத்தில் வந்து இறங்கினார்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக் களப்பு ஒன்றின் கரையில், வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பெரிய கரைப்பறவை கூட்டமாகத் தங்குகிறது. அங்கே மூன்று மொழியில் ஒரு அறிவித்தல் பலகை வைக்கப் போகிறார்கள். தமிழ் எழுதித் தர வேண்டும். கேட்டவர் ஒரு இளம்பெண். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் 'பொருத்தமான வேறு ஆள் இல்லையாம்' என்று அவர் சொன்ன வார்த்தை மட்டும்தான் என் காதில் ஏறியது.

பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோழியைவிடச் சற்று உயரம். மண்ணிறம், அதில் கோடுகோடாகக் கீறல். கால் நீளம், அலகு அதைவிட விசித்திரமான நீளம், கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்த அலகைச் சேற்றுக்குள் அடிவரை விட்டு நண்டையும் புழுவையும் இழுத்தெடுக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடக்கே சைபீரியப் பக்கத்துப் புல்வெளிகளில். மாரிமழைக்கு முன்னரே இங்கே வந்து, சித்திரை பிறக்கிற காலத்தில் திரும்பிவிடும். தாய்ப்பறவை முதலில் புறப்பட்டுவிடும், குஞ்சுகள் பின்னால் தாமாகவே வந்துசேரும். வழிகாட்டுவதற்கு ஆள் இல்லாமல் பிள்ளைகள் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கின்றன என்பது, வரைபடத்தில் முல்லைத்தீவைக் காட்டச் சொன்னால் மடகஸ்காரைத் தொட்ட வகுப்புகளுக்குப் பாடம் நடத்திய எனக்குக் கொஞ்சம் உறைக்கிற செய்தி.

ஒருமுறை வந்த பறவை அடுத்த வருடமும் அதே சேற்றுக்குத்தான் வருமாம். நீர் ஏறியிருக்கிற நேரம் காய்ந்த மணலில் கூட்டமாக நின்று ஓய்வெடுக்கும். அப்போது நாயோ மோட்டார் சைக்கிளோ ஓடிக் கலைத்தால், திரும்பும் பயணத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழித்துப் பறக்க வேண்டும். அடிக்கடி கலைத்தால், புறப்படுகிற நாளில் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் பலகை.

இந்தப் பறவைக்கு நம் நாட்டுத் தமிழில் ஒரு பழைய பெயர் இருக்கிறது: குதிரைமலைக் கோட்டான். கொழும்புக்காரர் கொண்டுவந்த பெயர்ப்பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். புவியியல் ஆசிரியன் பார்த்தான் என்று சொல்வதுதான் சரி. குதிரைமலை எங்கே இருக்கிறது? மன்னாருக்குத் தெற்கே, மேற்குக் கரையில். பறவை பிறந்தது எங்கே? சைபீரியாவில். நிற்பது எங்கே? முல்லைத்தீவில், கிழக்குக் கரையில். இதில் குதிரைமலை எதற்கு? இப்படி ஒரு பிழையான விலாசத்தைப் பொது இடத்தில் எழுதி வைத்தால் என் பழைய மாணவர்கள் என்ன நினைப்பார்கள்? பேனையை எடுத்துக் குதிரைமலையை வெட்டினேன். ஒரு மலையை ஒரே கோட்டில் அகற்றிய புவியியல் ஆசிரியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மிஞ்சியது கோட்டான்.

கோட்டான் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தமிழ் பேசுகிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இரவில் கூரையில் வந்திருந்து அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று சொல்லி அம்மாமார் நெஞ்சில் கை வைப்பார்களே, அந்தப் பெரிய ஆந்தைதான் கோட்டான். ஆனால் அன்றைக்கு என் கண் வரைபடத்தில் இருந்தது. மொழி எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவில்லை.

பலகை வந்தது. ஆள் உயரம், நல்ல தடித்த எழுத்து: 'கோட்டான்கள் தங்கும் இடம். அமைதி காக்கவும்.' படமும் இருந்தது. ஆனால் அது தூரத்தில் பறக்கிற பறவையின் கறுப்பு நிழல். அதை வைத்துக்கொண்டு காகம் என்றும் சொல்லலாம், விமானம் என்றும் சொல்லலாம்.

பலகையை நட இடம் கொடுத்தவர்தான் நான் முதலில் சொன்ன பெண். அவருடைய பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடித்துக் கலைக்கப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் இங்கேயே பிறந்தவர். கணவர் வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் வேலை, எப்போதாவதுதான் வருவார். கடையில் எங்களைப் போலவே கதைப்பார், கோபம் வந்தால் மட்டும் அவருடைய தாயின் மலையகத் தமிழ் வெளியே வரும். கடைக்குப் பின்னால் அவருடைய காணி சேற்றில் போய் முடிகிறது. அந்தச் சேற்றில்தான் பறவைகள் நிற்கும். பலகை வைத்தால் பறவை பார்க்க ஆட்கள் வருவார்கள், வந்தவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள் என்று அவருக்குச் சொல்லி, காணி மூலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

திறப்பு விழாவில் நான் நீண்ட நேரம் பேசினேன். சைபீரியாவில் தொடங்கி இமயமலைவரை வந்தபோது கூட்டத்தில் பாதிப்பேர் வடை சாப்பிடப் போய்விட்டார்கள். மிச்சம் நின்றவர்களில் ஒரு வயதான மீனவர் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார், காறித் துப்பினார், சைக்கிளில் ஏறிப் போனார். வெற்றிலை போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கடை விடியற்காலத்தில்தான் உயிரோடு இருக்கும். கரைவலைக்குப் போகிறவர்களும், களப்பில் இறால் பிடித்துத் திரும்புகிறவர்களும் அங்கே தேத்தண்ணி குடிப்பார்கள். பகலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கடலுக்குப் போகிறவன் விடியமுன்னர் எழும்பி, தலைக்கு மேலே 'கோட்டான்' என்று தடித்த எழுத்தில் வாசித்துவிட்டு வள்ளத்தைத் தள்ளுவானா? முதலில் ஒரு வள்ளத்துக்காரர் கடைக்கு வருவதை விட்டார்கள். பிறகு ஒன்றொன்றாகச் சந்தியில் இருந்த மற்றக் கடைக்கு மாறினார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் 'கோட்டான் கடையடியில இறக்கம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். கொண்டக்டரும் அப்படியே கூப்பிட்டார்.

ஒரு மாரிக்காலத்துக் காலை, குடையோடு கடைக்காரப் பெண் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே கேட்டார்.

"சேர், போர்ட்டில கோட்டான் எண்டு கிடக்கு. எங்கட சனம் அதை ஆந்தை எண்டு வாசிக்குது."

அந்தக் கணம்தான் எனக்கே உறைத்தது. ஆனால் கதிரையில் சாய்ந்து யோசித்தபிறகும், வாய் ஒரு ஆசிரியரின் வாயாகவே நடந்துகொண்டது.

"அது அச்சகத்தில விட்ட பிழை, பிள்ளை. நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தனான்."

"அப்ப அவையிட்டச் சொல்லி மாத்தலாமோ?"

"ஓம், சொல்லுறன்."

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து, என் பிழையை உங்கள் பிழையாக ஒப்புக்கொள்ளுங்கள் என்றா? கொழும்புக்குச் சொல்லலாம். சொன்னால், பொருத்தமான வேறு ஆள் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மழை விடட்டும் என்று இருந்தேன். மழை விட்டது. பொங்கல் போகட்டும் என்று இருந்தேன். பொங்கலும் போனது.

அவர் காத்திருந்து களைத்து, கடையைப் பூட்டிவிட்டு, தானே பஸ் ஏறி, வவுனியாவில் பலகை அடித்த அச்சகத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தார். அவர் கோபமாக இருந்தார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"சேர் அனுப்புனதத்தான் அடிச்சாங்களாம். நா தெரியாம அந்த மனுசன நல்லா ஏசிட்டு வந்துட்டேன், சேர்."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் ஒரு அப்பாவியை ஏசிவிட்டேனே என்றுதான் அவருக்குக் கவலை. அந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது, "பாப்பம், பிள்ளை."

அவர் போனபிறகு குசினியில் இருந்து என் மனைவியின் குரல் வந்தது. சத்தமாக இல்லை, கருவாட்டுச் சட்டியோடு கதைப்பதுபோல.

"இந்த வீட்டில ஒருத்தரும் ஒருநாளும் பிழை விடுறேல்லை. கறிக்கு உப்பு மட்டும்தான் கூடிக் குறையிறது, அதுவும் என்னால."

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு மூன்றாம் ஆள் மூலம்தான் தெரியும். கடைக்காரப் பெண் தனக்குத் தெரிந்த கணக்கில் யோசித்திருக்கிறார். பலகை பறவைக்காக வைத்தது. பறவை இல்லையென்றால் பலகைக்கு வேலை இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிற தமையனிடம் யானை வெடி இருந்தது. யானை கலைக்கக் கொடுக்கிற அந்த வெடியை வாங்கிவந்து, விடியப்புறம் சேற்றை நோக்கிக் கொளுத்தினார். அந்தக் கரையில் விடியப்புறம் வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் வயதுக்காரருக்கு முதலில் நினைவு வருவது பறவை அல்ல. பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் படுக்கையில் இருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாராம். வெளியே வரச்சொல்லி வெகுநேரம் கெஞ்ச வேண்டியிருந்ததாம். அதைக் கேட்ட பிறகு கடைக்காரப் பெண் வெடியைப் பகலுக்கு மாற்றினார். நிறுத்தவில்லை.

நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். மாசி மாதம். பறவைகள் தின்று தின்று உடம்பு ஏற்ற வேண்டிய காலம். சேறு வெறுமையாக இருந்தது. ஒரு நாய் மட்டும் அதன் நடுவில் நின்று, தன் காலடியைத் தானே முகர்ந்துகொண்டிருந்தது. 'அமைதி காக்கவும்' என்ற கட்டளை முழுமையாக நிறைவேறியிருந்தது.

அன்றைக்குத்தான் பரிகாரம் செய்வது என்று முடிவெடுத்தேன். ஆனால் என் முதற் பரிகாரத்திலும் வெட்கம் கலந்திருந்தது. யாருக்கும் சொல்லாமல், மத்தியானம் ஆட்கள் படுக்கிற நேரம், ஒரு சிறிய டின் பெயின்ற்றும் தூரிகையும் கொண்டுபோய், கோட்டானுக்கு முன்னால் குதிரைமலையைத் திரும்ப நட முயன்றேன். இடம் போதவில்லை. 'குதிரை' பெரிதாக வந்துவிட்டது. 'மலைக்' அதற்குக் கீழே, சரிந்து, குதிரையின் வாலில் தொங்குவதுபோல வந்தது. அடுத்த நாளே பஸ்ஸில் 'குதிரைக் கோட்டான் கடை' என்று கூப்பிட்டார்கள். வேலையில்லாத இரண்டுபேர் குதிரையைப் பார்க்கவென்றே வந்து, கடைக்காரப் பெண்ணிடம் அது எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

கடைசியில் மீனவர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தேன். நான் பேச எழுந்ததும், திறப்பு விழாவை மறக்காத தலைவர், சுருக்கமாகச் சொன்னால் நல்லது என்று கையெடுத்துக் கும்பிட்டார். சைபீரியாவை விட்டுவிட்டேன்.

"அந்தப் பேரை வெட்டினது நான். அச்சகத்துப் பிழை எண்டது பொய். அது ஆந்தையும் இல்லை, சேத்தில ஓடித்திரியிற சின்னனை நீங்கள் உள்ளான் எண்டு சொல்லுறியளே, அந்தச் சாதியில பெரிசு ஒண்டு."

பின் வாங்கில் இருந்த ஒருவர், "உள்ளானோ? உள்ளானுக்குப் பயந்தோ நாங்கள் சந்திக் கடைக்காரன்ர சாயத் தண்ணியைக் குடிச்சது?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை மாதம் பயந்தேன் என்று நெஞ்சு லேசானது. பிழையை ஒப்புக்கொண்ட பெரிய மனிதன் என்ற புதிய பெருமைகூட ஓரமாக எட்டிப்பார்த்தது. அந்த உற்சாகத்தில், சரியான பெயரோடு புதிய பலகை ஒன்றை என் பொறுப்பில் நட்டுத் தருகிறேன் என்று அறிவித்தேன்.

அப்போது கடைக்காரப் பெண் எழுந்தார். கோபமாகத்தான் பேசுகிறார் என்று முதற் சொல்லிலேயே தெரிந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

"சேர் சொன்னது சந்தோசம். போர்ட எடுத்துருங்க. உள்ளான்னு போட்டாலும் வேணா, மயில்னு போட்டாலும் வேணா. எங்க அம்மா அப்பா இங்க வந்த நாள்லருந்து எங்களுக்கு யாராச்சும் ஒரு பேர் வச்சிக்கிட்டேதான் இருக்காங்க."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பாடசாலையில் நான் வகுப்பெடுத்த காலத்தில் பின்வாங்குப் பிள்ளைகள் சிலரைத் 'தோட்டத்துப் பிள்ளைகள்' என்று கூப்பிட்டிருக்கிறேன். இகழ்ச்சியாக அல்ல, பெயர் நினைவில் நிற்காததால் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் நினைவில் நின்றன.

பலகையை நானே பிடுங்குவது என்று நின்றேன். காலைத் தேத்தண்ணிக்கு வந்த நாலைந்துபேர் சுற்றி நின்று பார்த்தார்கள். கொழும்புக்காரர் நன்றாக வேலை செய்பவர்கள், அடியில் கொங்கிறீற் போட்டிருந்தார்கள். அலவாங்கைப் போட்டு நான் நெம்ப, பலகை அசையாமல் என் இடுப்பு அசைந்தது. அலவாங்கை ஒருவர் வாங்கிக்கொண்டார், என்னைக் கடையின் நீட்டு வாங்கில் படுக்கப் போட்டார்கள். பலகை விழும் சத்தத்தைத்தான் கேட்டேன், விழுந்ததைப் பார்க்கவில்லை. அச்சகத்துக்காரரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எந்த ஏச்சு என்று நினைவில்லை. எத்தனையோ பேர் ஏசுகிறார்கள் சேர் என்றார். கொழும்புப் பெண் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பலகை இல்லாவிட்டால் அந்தக் கரைக்கு வந்து பார்ப்பதற்கும் சனங்களோடு கதைப்பதற்கும் வேறு ஒழுங்கு செய்ய முடியாது, இனி மன்னார்ப் பக்கத்தில்தான் கவனம் செலுத்தப் போகிறோம் என்றார். மரியாதை குறையவில்லை. பிறகு தமிழ் எழுதித் தரச்சொல்லி அழைப்பு வரவில்லை.

கடைக்கு ஆட்கள் திரும்பினார்கள், எல்லோரும் அல்ல. முதலில் விட்டுப்போன வள்ளத்துக்காரர் சந்திக் கடையிலேயே நிலைத்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு ஆந்தைப் பயம் இல்லை, பழக்கம்தான். பயத்தைக் கலைக்க ஒரு கூட்டம் போதுமாக இருந்தது. பழக்கத்தைக் கலைக்க எனக்கு வழி தெரியவில்லை. நான் என் பங்குக்குப் போய் இரண்டு தேத்தண்ணி குடிப்பேன். சலரோகக்காரன், சீனி இல்லாமல்தான். எட்டுப் பேர் கொண்ட ஒரு வள்ளத்தின் இடத்தைச் சீனி போடாத ஒரு கிழவன் நிரப்ப முடியாது. அது கடைக்காரப் பெண்ணுக்கும் தெரியும். வாங்கில் இருக்க விடுகிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு. கடைக்குள் பறவைக் கதை கதைக்கக்கூடாது.

அடுத்த பருவத்தில் பறவைகள் வந்தன. ஆனால் களப்பின் மறுகரையில் இறங்கின. அங்கே மோட்டார் சைக்கிளில் பெடியள் ஓடிப் பழகுகிறார்கள். என் கண்ணில் படலம் விழுந்திருப்பதால், எழும்புவதும் இறங்குவதும் ஒரு புகைபோலத்தான் தெரியும். ஒரு நாளில் எத்தனை தடவை அந்தப் புகை எழும்புகிறது என்று பார்க்காமல் இருப்பதற்காகக் கடைக்குள் முகத்தைத் திருப்பி இருந்து பழகிக்கொண்டேன்.

இந்த வருடம் புரட்டாதியில் ஒரு காலை, சில பறவைகள் கடைக்குப் பின்னால் சேற்றில் நின்றன. பின் கதவு வழியாகப் பார்த்தேன், என் படலக் கண்ணுக்கும் தெரிகிற அளவு கிட்ட நின்றன. ஒன்று அலகை அடிவரை விட்டு நண்டொன்றை இழுத்து, உதறி, காலை உடைத்து விழுங்கியது. பழையவையா, வழி கேட்காமல் வந்த புதியவையா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு லொறிச் சாரதி என் தோளைத் தட்டி, அது என்ன பறவை ஐயா என்று கேட்டார். என் வாய்க்குள் சைபீரியா முழுவதும் வந்து நின்றது. கடைக்காரப் பெண் வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் கரண்டி நின்றுவிட்டது.

"தெரியாது, தம்பி," என்றேன்.

கரண்டி திரும்ப ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சந்திப் பக்கமிருந்து ஒரு நாய் வந்து சேற்றை நோக்கி ஓடியது. அவர் கரண்டியோடு வெளியே பாய்ந்து, கல்லெடுத்து எறிந்து, அதை ரோட்டுவரை துரத்திவிட்டு வந்தார். பறவைகள் எழும்பவில்லை. நாய் முதல்நாள் வடை களவெடுத்ததற்காக எறிந்தாரா, வேறு காரணமா என்று கேட்க எனக்கு ஆசைதான். நிபந்தனை இருக்கிறது. இன்னொரு தேத்தண்ணி போடச் சொன்னேன்.